பிள்ளைகளுக்காகத்தான் என்கிறோம்

சிகாகோவின் புறநகர்களில் தமிழ்க் குடும்பம் இருக்கிற எந்த வீடானாலும், ஜனவரி மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இந்தப் பேச்சு கட்டாயம் நடந்திருக்கும். வாசலில் பனியைத் தள்ளிவிட்டு அப்பா உள்ளே வருவார். காது இரண்டும் சிவந்திருக்கும். "இந்தக் குளிர் இதோட போதும். டாலஸ் போயிடலாம்" என்பார். இட்லியைத் தட்டில் வைத்தபடியே அம்மா, "அங்க வீடும் பெருசா கிடைக்கும், ஸ்டேட் டாக்ஸும் கிடையாது" என்பார். சட்னியை விரலால் அளைந்துகொண்டிருக்கும் பிள்ளை சட்டென்று நிமிர்ந்து பார்க்கும். அந்த முகத்தை நாம் யாரும் பார்ப்பதில்லை. அதற்குள் கைப்பேசியில் வீடு தேட ஆரம்பித்திருப்போம்.

நானும் அப்படியொரு மேஜையில் உட்கார்ந்திருந்தவள்தான். இப்போது டாலஸுக்கு வடக்கே குடியிருக்கிறேன். எங்கள் பக்கத்தில் சிகாகோவிலிருந்தும் நியூ ஜெர்சியிலிருந்தும் மின்னியாபொலிஸிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கோயிலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் பிறந்தநாள் விருந்துகளிலும் நாம் பேசிக்கொள்வது புது வீடு, சொத்து வரி, புல்வெளி, கறையான் இவற்றைப் பற்றித்தான். பிள்ளைகளைப் பற்றி யாராவது கேட்டால் எல்லாரிடமும் ஒரே பதில்: "அவங்க நல்லா செட்டில் ஆயிட்டாங்க." அந்தப் பதிலைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும். இது நாம் எல்லாரும் சேர்ந்து செய்வது. என்னை ஒதுக்கி வைத்துக்கொண்டு உங்களை மட்டும் கேட்க எனக்கு உரிமையில்லை.

இடம் மாறியதற்கு நம்மிடம் நல்ல காரணங்கள் இருந்தன. 2019 ஜனவரி 30 அன்று ஓஹேர் விமான நிலையத்தில் வெப்பநிலை மைனஸ் 23 டிகிரி பாரன்ஹீட்டுக்கு இறங்கியது. செல்சியஸில் சொன்னால் மைனஸ் 30-க்கும் கீழே. பள்ளிகளை மூடினார்கள், தபால்கூட வரவில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவை ஆறு மாதம் அந்தக் குளிரில் வீட்டுக்குள் உட்கார வைப்பது பாவம். வேலையும் தெற்கே போய்க்கொண்டிருக்கிறது. டொயோட்டா தன் அமெரிக்கத் தலைமையகத்தை 2017-ல் கலிஃபோர்னியாவிலிருந்து டாலஸுக்கு வடக்கே உள்ள பிளேனோவுக்குக் கொண்டுவந்தது. பக்கத்து ஊரான ஃப்ரிஸ்கோவில் 2000-ல் 33,714 பேர் இருந்தார்கள். 2020 கணக்கெடுப்பில் 2,00,509 பேர். இவ்வளவு பேர் வந்து குடியேறிய இடத்துக்கு நாமும் வந்ததில் தவறு என்ன? ஒன்றுமில்லை. ஆனால் வரி, வீடு, வெயில், வேலை, தாத்தா பாட்டி என்று காரணங்களை எழுதி வைத்தோமே, அந்தக் காகிதத்தை மேஜையில் நம் எதிரே உட்கார்ந்திருந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் என்றைக்காவது காட்டினோமா?

நடந்தது வேறு. முதலில் பள்ளிகளுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று இணையத்தில் பார்த்தோம். ஒன்பதுக்குக் குறைந்த பகுதிகளைத் தள்ளினோம். மிச்சத்தில் கிழக்குப் பார்த்த வாசல் தேடினோம். வாரக் கடைசியில் விமானம் ஏறி வந்து மாதிரி வீட்டைப் பார்த்து, முன்பணம் கட்டி, கையெழுத்துப் போட்டோம். திரும்பிப் போன பிறகு பிள்ளையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "உனக்கு ஒரு சர்ப்ரைஸ்" என்றோம். மாடியில் தனி அறை, விளையாட ஒரு கூடம், தெருக்கோடியில் நீச்சல் குளம். பிள்ளை கேட்டது ஒன்றே ஒன்று: "அப்போ என் ஆர்கெஸ்ட்ரா?" நாம் சொன்னோம்: "அங்கயும் ஆர்கெஸ்ட்ரா இருக்கும்." தோழிகள்? அங்கயும் இருப்பாங்க. டீச்சர்? அங்கயும் நல்ல டீச்சர்தான்.

நம்மை ஒருவர் உட்கார வைத்து, "உன் தம்பியைக் கூட்டிப் போகிறோம், கவலைப்படாதே, அங்கே வேறொரு தம்பி இருப்பான்" என்று சொன்னால் நாம் என்ன செய்வோம்?

அந்த மைனஸ் 23 நாளைப் பற்றிப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். நமக்கு அது குழாய் உறைந்துவிடுமோ, கார் கிளம்புமோ என்று பதறிய நாள். பிள்ளைக்கு அது எதிர்பாராமல் கிடைத்த விடுமுறை. கொதிக்கிற நீரைக் கொல்லையில் வீசி, அது புகையாக மாறுவதைப் பார்த்துக் கைதட்டிய நாள். பனி பெய்த மறுநாள் பூங்கா மேட்டில் பிளாஸ்டிக் தட்டில் சறுக்கிக்கொண்டு போனதும், ஈரக் கையுறையை ஹீட்டர் மேல் காயப்போட்டதும், பள்ளி மூடியிருக்கிறதா என்று அதிகாலையில் கைப்பேசியைப் பார்க்க நம் படுக்கைக்கு ஓடிவந்ததும் அவர்களுடைய சிறு வயது. அதை நாம் "அந்தக் கொடுமையிலிருந்து தப்பிச்சோம்" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்கிறோம். பக்கத்தில் நிற்கும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது.

அந்த வீடுகளின் நிலவறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிகாகோ பக்கத்து வீடுகளில் பேஸ்மென்ட் உண்டு. பெரியவர்கள் அதிகம் இறங்காத இடம். சுவரில் கிறுக்கலாம், போர்வையால் கூடாரம் கட்டலாம், நாலு தோழர்களோடு இரவெல்லாம் படம் பார்க்கலாம். டாலஸ் பக்கத்து வீடுகளில் அது அநேகமாகக் கிடையாது. காரணம் மண். இங்கே இருப்பது கோவில்பட்டிக்காரர்களுக்கும் விருதுநகர்க்காரர்களுக்கும் நன்றாகத் தெரிந்த வகை: கரிசல். மழை பெய்தால் உப்பும், வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும். ஒரு காலத்தில் பருத்தி விளைந்த பூமி. அப்படிப்பட்ட மண்ணில் நிலத்தடி அறை கட்டுவது கஷ்டம், செலவும் அதிகம். கோடையில் அஸ்திவாரத்தைச் சுற்றிச் சொட்டுநீர் விடாவிட்டால் வீட்டுச் சுவரே விரிசல் விடும். நாம் இதையெல்லாம் வீடு வாங்கும்போதே படித்துத் தெரிந்துகொண்டோம். அஸ்திவாரத்துக்கு எத்தனை நிமிடம் தண்ணீர் விட வேண்டும் என்பதுவரை தெரியும். பிள்ளைக்கென்று இருந்த ஒரே இடம் போய்விட்டதே, அதற்குப் பதிலாக வீட்டின் எந்த மூலையை அவர்களிடம் விட்டுக்கொடுத்தோம்? மாடிக் கூடம் என்றோம். வாங்கிய மூன்றாம் வாரமே அதில் ஊஞ்சலும் விருந்தாளிக் கட்டிலும் வந்து சேர்ந்தன.

அடுத்தது வெயில். "நம்ம ஊர் மாதிரியே இருக்கும், பிள்ளைங்க வெளிய விளையாடலாம்" என்று சொல்லித்தான் கூட்டி வந்தோம். ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர்வரை பிற்பகலில் தெருவில் ஒரு பிள்ளையைப் பார்க்க முடியுமா? 2011-ல் டாலஸில் 71 நாள் வெப்பநிலை 100 டிகிரியைத் தொட்டது அல்லது தாண்டியது. அதில் 40 நாள் இடைவெளியே இல்லாமல் தொடர்ந்து. அந்த ஆண்டு மோசம்தான், ஒத்துக்கொள்கிறேன். சாதாரண ஆண்டிலும் ஊஞ்சல் சங்கிலியைக் கையால் தொட முடிவதில்லை. சிகாகோவில் கோடை விடுமுறை என்றால் இரவு எட்டரை மணிவரை சைக்கிள். இங்கே கோடை விடுமுறை என்றால் ஏ.சி. அறையில் திரை. அங்கே குளிர்காலத்தில் அடைந்து கிடந்தார்கள். இங்கே கோடையில் அடைந்து கிடக்கிறார்கள், அதுவும் பள்ளி இல்லாத, தோழர்கள் இல்லாத, முதல் இரண்டு மாதங்களில். நாம் பெரும்பாலும் ஜூனில்தானே வீடு மாறுகிறோம்? ஒரு பிள்ளைக்கு முன்பின் தெரியாத ஊரில் முதல் இரண்டு மாதமும் வீட்டுக்குள்ளேயே என்றால் அது எப்படி இருக்கும் என்று யோசித்தோமா?

குளிரே இல்லாத ஊர் என்ற வாக்கும் நிற்கவில்லை. 2021 பிப்ரவரியில் வந்த பனிப்புயலில் டெக்சாஸில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளுக்கு மின்சாரம் போனது. டாலஸில் பிப்ரவரி 16 அன்று மைனஸ் 2 டிகிரி பாரன்ஹீட். மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் இறந்தார்கள். சிகாகோ வீடுகள் குளிருக்காகக் கட்டியவை. இங்கே குழாய்கள் வெளிச்சுவரிலும் பரணிலும் ஓடுகின்றன, வெடித்துக் கொட்டின. பிள்ளைகள் இரண்டு மூன்று சட்டை போட்டுக்கொண்டு கும்மிருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பருவநிலையைக் காட்டிப் பிள்ளைகளுக்கு நாம் எதையும் சத்தியம் செய்திருக்கக் கூடாது.

ஆகஸ்ட் நடுவில் பள்ளி திறக்கும். முதல் நாள் காலை வகுப்பில் எல்லாரும் எழுந்து நின்று நாட்டுக் கொடிக்கு உறுதிமொழி சொல்வார்கள். அது நம் பிள்ளைக்குத் தெரியும். முடிந்ததும் உட்காரப் போகும். யாரும் உட்கார மாட்டார்கள். அடுத்து டெக்சாஸ் மாநிலக் கொடிக்கென்று தனி உறுதிமொழி. சுற்றி இருக்கும் இருபத்தைந்து பேருக்கும் மனப்பாடம். நம் பிள்ளை மட்டும் வாயை அசைத்துக்கொண்டு நிற்கும். அதன் பிறகு ஒரு நிமிட மௌனம். இங்கே இது சட்டம், தினமும் உண்டு. ஏழாம் வகுப்பானால் ஆண்டு முழுக்க டெக்சாஸ் வரலாறு. அலமோ கோட்டையும் 1836-ல் அங்கே நடந்த போரும் உடன் படிப்பவர்களுக்கு நாலாம் வகுப்பிலிருந்தே பழக்கம். மாலையில் காரில் ஏறியதும் நாம் கேட்பது என்ன? "மேத்ஸ்ல எந்த லெவல்ல போட்டாங்க?"

யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று கேட்க ஏன் நமக்குத் தோன்றுவதில்லை? பதில் தெரிந்துவிடுமோ என்ற பயமா?

ஆர்கெஸ்ட்ரா இருக்கும் என்றோமே, இருந்தது. ஆனால் அடுத்த ஆண்டுக்கான தேர்வுகளை இங்கே வசந்த காலத்திலேயே முடித்துவிடுவார்கள். ஏப்ரலில் ஒலிப்பதிவு அனுப்பலாமா என்று பள்ளிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்டிருக்கலாம். நாம் ஏப்ரலில் சமையல் மேடைக்குக் கல் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தோம். அங்கே முதல் வரிசையில் வயலின் வாசித்த பிள்ளை இங்கே ஆரம்பநிலைக் குழுவில் உட்கார்ந்து ஒரு ஆண்டு கழித்தது. நடனப் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம் முடித்து வர்ணத்தில் இருந்த பெண்ணைப் புது ஆசிரியை வேறு பாணி என்பதால் மறுபடி தட்டடவில் நிறுத்துகிறார். அவர் மேல் தவறில்லை. கை வைக்கும் விதமும் அரைமண்டி அளவும் மாறும்போது அடிப்படையிலிருந்துதான் தொடங்க முடியும். ஏழு வயதுச் சிறுமிகளோடு பதினாலு வயதுப் பெண் வரிசையில் நிற்கிறாள். இரண்டு மாதத்தில் முழங்கால் வலி என்கிறாள். நாம் மருத்துவரிடம் கூட்டிப்போகிறோம். அரங்கேற்றத்துக்கு மண்டபம் முன்பதிவு செய்ய வேண்டுமே என்ற கவலை வேறு நமக்கு. அவளுக்குக் கொஞ்ச நாள் ஆடாமல் இருக்க வேண்டுமா என்று கேட்டோமா?

இப்போது ரேங்க் பற்றிப் பேச வேண்டும். இதில்தான் நம் பிள்ளைகள் அதிகம் நசுங்குகிறார்கள், நமக்கோ இதைப் பற்றி வரும்வரை சரியாகத் தெரிவதில்லை. 1997-ல் டெக்சாஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எந்த ஊர்ப் பள்ளியானாலும் தன் வகுப்பில் முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநில அரசுப் பல்கலைக்கழகங்களில் தானாகவே இடம். கிராமத்துப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பகுதிப் பிள்ளைகளுக்கும் கதவைத் திறந்த நல்ல சட்டம். ஆனால் எல்லாரும் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்துக்கே போக விரும்பியதால் இடம் போதவில்லை. 2009-ல் திருத்தம் வந்து, ஆஸ்டினில் மாநில மாணவர் இடங்களில் 75 சதவீதத்தை மட்டும் இந்த வழியில் நிரப்பினால் போதும் என்று ஆனது. பத்து என்பது ஏழாகி, ஆறாகி, 2026 இலையுதிர் பருவத்துக்கு முதல் ஐந்து சதவீதம் என்று வந்து நிற்கிறது. அறுநூறு பேர் படிக்கும் வகுப்பானால் முப்பது பேர். அந்த முப்பதுக்குள் நுழையத்தான் நம் பகுதிப் பள்ளிகளில் நம்மைப் போன்ற அத்தனை வீட்டுப் பிள்ளைகளும் தசமத்தில் இரண்டாம் இலக்கத்துக்காகப் போராடுகிறார்கள்.

சிகாகோ புறநகர்ப் பள்ளிகள் பலவும் ரேங்க் கணக்கிடுவதையே விட்டுவிட்டன. அங்கே படித்த பிள்ளை தன் இடம் எத்தனையாவது என்று தெரியாமலே வளர்ந்தது. பத்தாம் வகுப்பில் இங்கே வந்து சேர்கிறது. அங்கே எடுத்த பாடங்களை இங்குள்ள பள்ளி மாவட்டம் தன் அளவுகோலுக்கு மாற்றும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு விதி. அங்கே உயர்நிலைப் பாடம் என்று பெயரெடுத்த ஒன்றுக்கு இங்கே கூடுதல் புள்ளி கிடைக்காமல் போகலாம். இங்கே வளர்ந்தவர்களோ எட்டாம் வகுப்பிலேயே உயர்நிலைப் பள்ளிக் கணக்கை முடித்து, கோடையில் நலவாழ்வுப் பாடத்தையும் முடித்துவிட்டு, எந்தப் பாடம் சராசரியை இறக்கும் என்று கணக்குப் போட்டு நகர்ந்திருப்பார்கள். பள்ளி ஆலோசகர் காகிதத்தைத் திருப்பிக் காட்டுகிறார்: உங்கள் பிள்ளை முதல் கால் பகுதியில் இருக்கிறது. அங்கே "ரொம்ப நல்லா படிக்கிற பொண்ணு" என்று பேரெடுத்தவள் இங்கே ஒரே வாரத்தில் நூற்றுச் சொச்சம் என்கிற எண்ணாகிறாள்.

அன்று இரவு நம் வீடுகளில் என்ன நடக்கிறது? கணவனும் மனைவியும் சமையலறையில் தணிந்த குரலில் சண்டை போடுகிறோம். "நீங்கதான் அவசரப்பட்டீங்க." "நீதான் பெரிய வீடு வேணும்னே." மறுநாளே டியூஷன். சனிக்கிழமை எஸ்.ஏ.டி. வகுப்பு. ஞாயிறு வாதப் போட்டிப் பயிற்சி. தமிழ்ப் பள்ளியை நிறுத்தலாமா என்ற யோசனை. பிள்ளையிடம் நாம் சொல்வது: "உனக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். கொஞ்சம் பிடிச்சுப் படிச்சா வந்துடலாம்."

உனக்காகத்தான். இந்தச் சொல்லை எத்தனை முறை சொல்லியிருப்போம்? குளிர் தாங்காதது நமக்கு. மாநில வரி மிச்சம் நமக்கு. வேலை நமக்கு. இவையெல்லாம் நியாயமான ஆசைகள். பெற்றோருக்கும் ஆசை இருக்கலாம், அதைச் சொல்லவும் செய்யலாம். "எங்களுக்கு இந்தக் குளிர் முடியல, அதனால மாறுறோம், உனக்கு இது கஷ்டம்னு தெரியும்" என்று சொல்லியிருந்தால் பிள்ளைக்குக் கோபம் வந்திருக்கும், அழுதிருக்கும், கதவைச் சாத்தியிருக்கும். அந்தக் கோபத்துக்கு ஓர் இடம் இருந்திருக்கும். உனக்காகத்தான் என்று சொல்லும்போது அதையும் எடுத்துக்கொள்கிறோம். தனக்காக அப்பா அம்மா இவ்வளவு செய்திருக்கும்போது தான் அழுவது நன்றிகெட்டத்தனம் என்று பிள்ளை நினைக்கத் தொடங்குகிறது. அதன் பிறகு அது அழுவதில்லை. நாம் அதைத்தான் செட்டில் ஆகிவிட்டது என்கிறோம்.

தப்பித் தவறி வாய் திறந்து, "எனக்கு இங்க பிடிக்கல, வீட்டுக்குப் போலாம்" என்றால் நம்மிடம் ஒரு கதை தயாராக இருக்கிறது. இருபத்து நாலு வயதில் இரண்டு பெட்டியோடு திருச்சியிலிருந்து கிளம்பியது, ஒரே அறையில் நாலு பேர் தங்கியது, வாரத்துக்கு ஒரு தரம் தொலைபேசி அட்டை வாங்கிப் போட்டு அம்மாவோடு பேசியது. "நாங்க நாட்டையே விட்டு வந்தோம், நீ ஒரு ஊரை விட்டு வந்ததுக்கா?" கதை உண்மைதான். ஆனால் நாம் வர விரும்பி வந்தோம். விசா கிடைத்தபோது சாமிக்குத் தேங்காய் உடைத்தோம். இந்தப் பிள்ளை எதையும் விரும்பவில்லை, எதற்கும் தேங்காய் உடைக்கவில்லை. பதின்மூன்று வயதில், தோழிதான் உலகம் என்று இருக்கிற வயதில், தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம்.

நமக்கு இன்னும் ஊர் இருக்கிறது. இருபது ஆண்டு ஆகியும் கும்பகோணம் என்றால் நெஞ்சு இளகுகிறது, மழை பெய்தால் அங்கே ஆற்றில் தண்ணீர் வந்ததா என்று கேட்கிறோம். யாராவது ஊர் எது என்று பிள்ளையைக் கேட்டால், "சொல்லு, நம்ம ஊர் கும்பகோணம்னு சொல்லு" என்று எடுத்துக் கொடுக்கிறோம். இரண்டு தரம் விடுமுறைக்குப் போய் வந்த ஊர் அது. பிள்ளையின் ஊர் சிகாகோ பக்கத்து நேப்பர்வில். அதன் ஆற்றங்கரை நடைபாதை, அந்த நூலகம், நகரத்துக்குப் போகிற மெட்ரா ரயில், அரோராவில் இருக்கும் பெருமாள் கோயிலின் புளியோதரை வாசனை, ஷாம்பர்க்கில் 2019-ல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நடந்தபோது பட்டுப்பாவாடை கட்டிக்கொண்டு வாசலில் சந்தனம் நீட்டியது, எல்லாம் அந்தப் பக்கத்தில்தான். நம் ஊரைப் பிரிந்த துக்கத்தை இத்தனை ஆண்டுகளாகப் பாட்டாகவும் சமையலாகவும் பேச்சாகவும் வீடு முழுக்க வைத்திருக்கிற நாம், பிள்ளை தன் ஊரைப் பிரிந்த துக்கத்தை ஏன் ஒரு செமஸ்டரில் முடித்துக்கொள்ளச் சொல்கிறோம்?

எல்லாருக்கும் தேர்ந்தெடுக்கிற வசதி இல்லை என்பது எனக்குத் தெரியும். வேலை போனால் அறுபது நாளுக்குள் வேறு நிறுவனம் பிடிக்க வேண்டிய விசாவில் இருக்கிறவர்கள், எந்த ஊரில் கிடைத்ததோ அங்கே போகத்தான் வேண்டும். அவர்களிடம் நான் நாளையும் நேரத்தையும் பற்றிப் பேச மாட்டேன். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு விசா கதையும் தெரியும், அப்பாவின் முகம் வாடியதும் தெரியும். சொல்லாமல் மறைத்தாலும் தெரியும். அவர்களிடமாவது உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவது நல்லது.

நாள் குறிக்கிற வசதி உள்ள மற்றவர்கள், அதாவது நம்மில் பெரும்பாலோர், ஏன் பத்தாம் வகுப்பு முடியும்வரை காத்திருந்து பிறகு பதினொன்றில் பெயர்க்கிறோம்? வட்டி விகிதத்துக்காகக் காத்திருக்கத் தெரிந்த நமக்குப் பிள்ளையின் வகுப்புக்காகக் காத்திருக்கத் தெரியாதா? ஐந்து முடிந்து நடுநிலைப் பள்ளி தொடங்கும்போதோ, எட்டு முடிந்து ஒன்பது தொடங்கும்போதோ வந்தால் எல்லாப் பிள்ளைகளும் அன்று புதியவர்களாக இருப்பார்கள். ரேங்க் கணக்கும் ஒன்பதில்தான் ஆரம்பிக்கும். உயர்நிலைப் பள்ளிக்கு நடுவில் மாறியே ஆக வேண்டுமென்றால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த மாவட்டத்தின் ஆலோசகரிடம் மதிப்பெண்களை எப்படி மாற்றுவார்கள் என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பிள்ளையையும் அந்த அழைப்பில் உட்கார வைக்கலாம். ரேங்க் எண்ணைப் பிறகு பார்த்து வீட்டில் இழவு விழுந்தது போல உட்கார்ந்திருப்பதற்குப் பதிலாக, ஆஸ்டின் இல்லாமல் வாழ்க்கை இருக்கிறது என்று நாம் முதலில் நம்ப வேண்டும். நாம் நம்பாததைப் பிள்ளையிடம் சொன்னால் அது கண்டுபிடித்துவிடும்.

வந்த முதல் ஆண்டு டியூஷன் வேண்டாம். நடனமோ பாட்டோ பிள்ளை கேட்கும்வரை சேர்க்க வேண்டாம். இதைச் சொன்னால் நம் வட்டத்தில் என்னைப் பைத்தியம் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த நேரத்தில் காரை எடுங்கள். இங்கே கார் இல்லாமல் ஒரு பிள்ளை நூலகத்துக்குக்கூடப் போக முடியாது. ஆறு வழிச் சாலையைச் சைக்கிளில் கடக்க எந்தத் தாயும் விடமாட்டாள். டாலஸின் ரயிலும் ஃப்ரிஸ்கோ வரை வருவதில்லை. ஆகவே பதினாறு வயதுவரை அவர்களுடைய நட்பு நம் கையிலிருக்கும் சாவியைப் பொறுத்தது. வெள்ளிக்கிழமை இரவு பள்ளிக் கால்பந்து ஆட்டத்துக்கு இறக்கிவிட்டு, பதினோரு மணிக்குப் போய் அழைத்து வர நமக்கு அலுப்பாக இருக்கிறது. கணக்கு வகுப்புக்கு மட்டும் நாற்பது நிமிடம் ஓட்ட அலுப்பதில்லை.

பழைய தோழியோடு இரவில் மணிக்கணக்கில் வீடியோவில் பேசுகிறாள் என்று கைப்பேசியைப் பிடுங்குகிற வீடுகளும் எனக்குத் தெரியும். "பழசையே பிடிச்சுட்டிருந்தா புதுசு எப்படிப் பிடிக்கும்?" என்கிறார்கள். நாம் கல்லூரித் தோழர்களோடு வாட்ஸ்அப் குழுவில் இன்னமும் விடிய விடியப் பேசுவோமே, அதனால் இங்கே நமக்கு நண்பர்கள் கிடைக்காமல் போனார்களா?

பிள்ளையைத் திரும்ப ஒரு தரம் அனுப்புங்கள். குடும்பத்தோடு போய் ஹோட்டலில் தங்கி, மில்லினியம் பூங்காவில் படம் எடுத்துக்கொண்டு வருவதைச் சொல்லவில்லை. தனியாக, பழைய தோழியின் வீட்டில், டிசம்பர் விடுமுறையில் ஒரு வாரம். "போனா மறுபடி மனசு கெட்டுப்போகும்" என்று பயப்படுகிறோம். கெடட்டும். அங்கே தன் ஆர்கெஸ்ட்ரா நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதையும், தோழி இன்னும் தோழியாகவே இருப்பதையும் பிள்ளை தன் கண்ணால் பார்க்கட்டும். அழ வேண்டியதை அந்த ஊரிலேயே அழுதுவிட்டு வரட்டும். இரண்டரை மணி நேர விமானம்தான். நவம்பரில் டிக்கெட் விலை ஏறிவிடும். இந்த வாரமே எடுத்துவிடுங்கள். தடித்த கோட்டைத் தானம் கொடுத்துவிடாதீர்கள்.